மோதிரத்தைக் கழற்றியவர்கள்

"மேடம், நான் சொல்லி முடிச்சதும் என் வேலை போயிரும். அது தெரிஞ்சுதான் வந்திருக்கேன்" என்றார் நர்ஸ் ரெஜினா.

டாக்டர் திலகவதி எதிர் நாற்காலியைக் காட்டினார். கோயம்புத்தூரில் இருந்த தடுப்பூசிப் பாதுகாப்புப் பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. ஊசி போட்ட பிறகு யாருக்காவது ஏதாவது ஆனால், அது ஊசியால்தான் ஆனதா என்று விசாரிப்பது அந்தப் பிரிவின் வேலை. வழக்கமாக அங்கே வருகிறவர்கள் கோபத்தோடு வருவார்கள். ரெஜினா பயத்தோடு வந்திருந்தார்.

பொள்ளாச்சி முகாமில் ஊசி போடுகிறவர் அவர். தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் ஆனைமலை அடிவாரத்தில் பரவும் சாரல் காய்ச்சலுக்கான ஊசி. பெரியவர்களுக்கு அந்தக் காய்ச்சல் நாலைந்து நாள் உடம்பு வலியோடு போய்விடும். கர்ப்பத்தின் முதல் வாரங்களில் வந்தால் அப்படிப் போகாது. கரு கலையலாம். தங்கினாலும் குழந்தையின் காதையோ இதயத்தையோ தொட்டுவிட்டுத்தான் போகும். அதைத் தடுக்கத்தான் ஊசியே கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் யாரை நினைத்துக் கண்டுபிடித்தார்களோ, அவர்களுக்கு மட்டும் அதைப் போடக்கூடாது என்று விதி இருந்தது.

மோதிரம் வந்த பிறகு அந்த விதியை யாராலும் தாண்ட முடியவில்லை. பதினெட்டு வயது தாண்டிய பெண்கள் எல்லோர் விரலிலும் அது இருந்தது. தோலின் சூட்டையும் வியர்வையில் கலக்கும் சுரப்புகளையும் அளந்துகொண்டே இருக்கும். கரு கர்ப்பப்பையில் ஒட்டிய ஓரிரு நாளில் மோதிரத்தின் வெள்ளைக் கோடு ஆரஞ்சாக மாறிவிடும். மாதவிலக்கு தள்ளிப்போகும்வரை எந்தப் பெண்ணும் காத்திருக்க வேண்டியதில்லை. முகாமின் வாசலும் மோதிரத்தைப் படிக்கும். ஆரஞ்சு என்றால் கதவு திறக்காது.

முன்பெல்லாம் எந்தத் தடுப்பூசியிலும், கருவுற்றது தெரியாமலே போட்டுக்கொண்ட பெண்கள் சிலர் இருப்பார்கள். அவர்களைப் பிரசவம் வரை கவனித்துத்தான், ஆரம்ப நாட்களில் அந்த ஊசி கெடுதல் செய்கிறதா என்று மருத்துவர்கள் தெரிந்துகொண்டார்கள். மோதிரம் வந்த பிறகு 'தெரியாமல்' என்ற ஒன்றே இல்லாமல் போனது. சாரல் ஊசிக்கு ஆதாரம் இல்லாததால் அனுமதி இல்லை. அனுமதி இல்லாததால் ஆதாரமும் இல்லை.

"போன பருவத்துல ஒரு பொண்ணு வெறும் விரலோட வந்தா மேடம்" என்றார் ரெஜினா. "மோதிரம் எங்கேம்மான்னு கேட்டேன். சார்ஜுல போட்டிருக்கேன்னு சொன்னா. சொல்றப்ப என் முகத்தைப் பார்க்கல. எனக்குப் புரிஞ்சு போச்சு. மோதிரம் இல்லாம வந்தா வேற கருவி வெச்சுப் பார்க்கணும், அதுதான் விதி. நான் பார்க்கல. போட்டு அனுப்பிட்டேன்."

"ஏன்?"

"அதுக்கு முந்தின மாசம் ஆரஞ்சு விழுந்த ஒருத்தியைத் திருப்பி அனுப்பினேன் மேடம். பத்து நாள்ல காய்ச்சலோட வந்தா. அந்தக் குழந்தைக்கு இப்ப ரெண்டு தடவை இதய ஆபரேஷன் ஆயிருச்சு."

திலகவதி எதுவும் எழுதிக்கொள்ளவில்லை.

"அப்புறம் ஒருத்தி சொல்லி ஒருத்தின்னு வந்தாங்க. 'சார்ஜுல போட்டிருக்கேன்' அப்படின்னா நான் ஒண்ணும் கேட்க மாட்டேன். எல்லார்கிட்டயும் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். இது நல்லதா கெட்டதான்னு எனக்கும் தெரியாது கண்ணு, உனக்கும் தெரியாது, யோசிச்சுக்கோன்னு. யாரும் எந்திரிச்சுப் போகல. முப்பது பேருக்கு மேல இருப்பாங்க. எல்லாருக்கும் குழந்தை பொறந்திருச்சு. எல்லாம் நல்லா இருக்கு. இந்தப் பருவம் ஆரம்பிக்கறதுக்குள்ள நீங்க விதியை மாத்தணும். அவங்க வந்து பேசத் தயாரா இருக்காங்க."

திலகவதி நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"எல்லாருக்கும் பொறந்திருச்சா?"

"ஆமாங்க மேடம்."

"ஒருத்திக்குக்கூடக் கலையலையா?"

ரெஜினா மடியிலிருந்த பையின் வாரை இழுத்துச் சரிசெய்தார்.

"ரெஜினா, கரு ஒட்டுன ஓரிரு நாள்லயே மோதிரம் காட்டுது. அந்த நிலைமைல ஊசியும் வேண்டாம், காய்ச்சலும் வேண்டாம், சும்மா இருந்தாலே நாலஞ்சு பேர்ல ஒருத்திக்குத் தங்காது. அந்தக் காலத்துல அதை யாரும் கவனிக்கவே மாட்டாங்க. நாள் தள்ளிப் போச்சுன்னு நினைச்சுக்குவாங்க. முப்பது பேர்ல எல்லாருக்கும் பொறந்திருக்குன்னு நான் கமிட்டில போய்ச் சொன்னா, ஒண்ணு நம்ப மாட்டாங்க, இல்லேன்னா நம்பிருவாங்க. ரெண்டுமே தப்பு. மத்தவங்க எங்கே?"

"அவங்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க மேடம்" என்றார் ரெஜினா மெதுவாக. "எங்களால இது கெட்டுப்போக வேண்டாம்னு ஒரு பொண்ணு அழுதா."

அந்தப் பெண்ணின் பெயர் தாரணி. செவித்திறன் குறைந்த பிள்ளைகளுக்கான பள்ளியில் ஆசிரியை. திலகவதி போனபோது வகுப்பு நடந்துகொண்டிருந்தது. சின்னப் பிள்ளைகள் பத்துப் பேர் கைகளை அசைத்து ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தாரணி இரண்டு கையையும் தட்டாமல் தரையில் காலை ஓங்கி உதைத்தாள். அதிர்வு போய்ச் சேர்ந்ததும் எல்லோரும் திரும்பினார்கள்.

இடைவேளையில் இருவரும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்று பேசினார்கள்.

"ரெஜினாக்கா அனுப்புனாங்களா?"

"நான் கேட்டேன். அவங்க தயங்கித்தான் சொன்னாங்க. நீங்க விரும்பலைன்னா இப்பவே கிளம்பிடறேன்."

தாரணி பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "இவங்கள்ல பாதிப் பேரு சாரல் காய்ச்சல் பிள்ளைங்கதான். காது கேக்கலைன்னா வாழ முடியாதுன்னெல்லாம் நான் நினைக்கறதில்லைங்க. இவங்க நல்லாத்தான் இருக்காங்க. ஆனா அந்தக் காய்ச்சல் காதோட நிக்கறதில்லையே. போன வருஷம் ரெண்டு பிள்ளைங்க இதயத்தால போயிட்டாங்க. எனக்கு ஆரஞ்சு வந்தப்ப எங்க தெருவுல மூணு வீட்ல காய்ச்சலு. அவரு சந்தோஷத்துல எல்லாருக்கும் போன் பண்ணிட்டிருந்தாரு. நான் மோதிரத்தைக் கழட்டிப் பைக்குள்ள போட்டுட்டு முகாமுக்குப் போனேன்."

"அப்புறம்?"

"ஒரு வாரத்துல கோடு வெள்ளையாயிருச்சு." அவள் தொட்டிக் குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். கையில் அழுக்கு எதுவும் இல்லை. "அவருக்கு அது மட்டுந்தான் தெரியும். ஊசி போட்டது தெரியாதுங்க."

"தாரணி, கலைஞ்சவங்களை விட்டுட்டு எண்ணினா எந்த ஊசியும் நல்ல ஊசிதான். அப்படி ஒரு கணக்கை நம்பி நாளைக்கு ஆயிரம் பேர் போட்டுக்கக் கூடாது. உங்களையும் சேர்த்து எண்ணி, போடாதவங்களோட ஒப்பிட்டுப் பார்த்தாத்தான் எனக்கு ஏதாவது தெரியும்."

"நான்தான் காரணம்னு தெரிய வந்தா?"

"ஊசி காரணம்னு தெரிய வந்தா, அதையும் நான் சொல்லித்தான் ஆகணும்."

இதைக் கேட்டதும் தாரணி முதல் முறையாகத் திலகவதியை நேராகப் பார்த்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அவர் சொல்லவில்லை. அதனால் அவர்மேல் நம்பிக்கை வந்தது என்று பின்னாளில் ரெஜினாவிடம் சொன்னாள்.

"எனக்கு ரெண்டு நாள் குடுங்க. வீட்ல சொல்லணும்" என்றாள்.

அவள் கணவன் நவநீதனுக்கு நெகமம் சாலையில் கொப்பரைக் களம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம், கூலியாட்கள் இல்லாத நேரத்தில், வெயிலில் பரப்பியிருந்த தேங்காய் மூடிகளை அவன் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தான். தாரணி நிழலில் நின்றபடி சொல்லத் தொடங்கி, பிறகு வெயிலுக்கு வந்தாள்.

"மாமா, போன வருஷம் நான் சாரல் ஊசி போட்டுக்கிட்டேன்."

"எப்போ?"

"ஆரஞ்சு வந்ததுக்கு அப்புறம். மோதிரத்தைக் கழட்டி வெச்சுட்டுப் போனேன்."

நவநீதன் ஒரு வரிசை முழுவதையும் திருப்பிப் போட்டு முடித்தான்.

"எங்கிட்டச் சொல்லலையே."

"சொல்லியிருந்தா விட்டிருக்க மாட்டீங்க."

"விட்டிருக்க மாட்டேன்தான்." அவன் நிமிர்ந்தான். "அப்போ நீதான் கலைச்சிருக்கே."

ஒரு வருஷமாகத் தாரணி தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை அது. உள்ளே இருந்தவரை அதற்கு அவளிடம் பதில் இருந்ததில்லை. இன்னொருவர் வாயிலிருந்து வந்தபோதுதான் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"அது தெரியாது மாமா. தெரிஞ்சுக்கறதுக்குத்தான் போறேன்."

அன்றிலிருந்து நவநீதன் களத்துச் சாளையிலேயே, அந்தக் கீற்றுக் கொட்டகையிலேயே, படுத்துக்கொண்டான். சாப்பாடு மட்டும் வீட்டிலிருந்து போனது. அவன் அம்மா சரசாள் விஷயத்தைக் கேட்டுவிட்டு மருமகளைத் திட்டவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டாள். அது திட்டுவதைவிட நீளமாக இருந்தது.

தாரணி வந்த பிறகு மற்றவர்களும் வந்தார்கள். கலைந்துபோன பெண்கள் ஏழு பேர். ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் அப்படி ஆனது என்று நினைத்திருந்தாள். ரெஜினாவின் வீட்டு வரவேற்பறையில் அவர்கள் முதல் முறையாக ஒன்றாக உட்கார்ந்தபோது, பேச்சு தொடங்க வெகுநேரம் ஆனது. தொடங்கிய பிறகு நிற்கவில்லை.

செய்தி பரவியது. உடுமலை, வால்பாறை, தேனிப் பக்கத்து முகாம்களிலிருந்தும் நர்சுகள் திலகவதியைத் தொடர்புகொண்டார்கள். 'சார்ஜுல போட்டிருக்கேன்' என்ற வார்த்தை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருந்தது. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை. பருவமழை தொடங்கும் முன் சில நூறு பெண்களின் விவரம் அவரிடம் சேர்ந்துவிட்டது. தங்கியதும் கலைந்ததும் இரண்டும் அதில் இருந்தன.

சென்னையில் தடுப்பூசி விதிகளைத் தீர்மானிக்கும் கமிட்டி கூடியது. மூத்த உறுப்பினர் ஒருவர் முதல் கேள்வியைக் கேட்டார்.

"இவங்க எல்லாரும் விதியை மீறினவங்க. இவங்க சொல்றதை வெச்சு விதியை மாத்தச் சொல்றீங்களா டாக்டர்?"

"விதியை மதிச்சவங்ககிட்ட இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை சார். அவங்க யாரும் ஊசி போட்டுக்கலை."

"சரி. என்ன தெரியுது?"

"ஊசி போட்டவங்கள்ல எந்த அளவுக்குக் கரு கலைஞ்சிருக்கோ, அதே வயசுல, அதே ஊர்ல, ஊசியும் போடாம காய்ச்சலும் வராம இருந்தவங்கள்லயும் அதே அளவுதான். பிறந்த குழந்தைங்ககிட்டயும் வித்தியாசம் இல்லை. காய்ச்சல் வந்தவங்களைப் பார்த்தீங்கன்னா பாதிக்கு மேல இழப்பு. சில நூறு பேரை வெச்சு எல்லாம் முடிவாயிருச்சுன்னு நான் சொல்லலை. பெரிய ஆபத்து இருந்திருந்தா இதுலயே தெரிஞ்சிருக்கும். சின்னது இருக்கான்னு தொடர்ந்து பார்த்துக்கிட்டே இருக்கணும்."

"தொடர்ந்து பார்க்கறப்ப ஏதாவது தெரிஞ்சா?"

"அன்னைக்கே உங்க முன்னாடி வந்து சொல்வேன்."

விதி மாறியது. மோதிரத்தில் ஆரஞ்சு விழுந்த பெண், மருத்துவரிடம் பேசி, தெரிந்ததையும் தெரியாததையும் கேட்டுக்கொண்டு, விரும்பினால் ஊசி போட்டுக்கொள்ளலாம். விரும்பாவிட்டால் வேண்டாம். அதே வாரத்தில் ரெஜினாவைப் பணிநீக்கம் செய்த உத்தரவும் வந்தது. அவர் செய்ததால்தான் விதி மாறியது என்பதை யாரும் மறுக்கவில்லை. அவர் செய்தது விதிமீறல் என்பதையும் யாரும் மறுக்கவில்லை. திலகவதி இரண்டு மேல்முறையீட்டுக் கடிதங்கள் எழுதினார். பதில் வரவில்லை. ரெஜினா உடுமலை ரோட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்தார்.

மோதிரத்தைத் தயாரித்த நிறுவனம், கரு ஒட்டிய நாளைச் சரிபார்ப்பதற்காகத் திலகவதி கேட்டிருந்த, உள்ளே பதிவான அளவுகளைக் கமிட்டி முடிந்த பிறகுதான் அனுப்பியது. பெண்கள் எல்லோரும் சம்மதம் கொடுத்திருந்தார்கள். விரலில் தெரிவது இரண்டே நிறம். உள்ளே இருந்தது அப்படியில்லை. சுரப்பின் அளவு ஏறுவதும் இறங்குவதும் ஒரு கோடாக ஓடியது. தங்காத கருவென்றால் விரலில் வெள்ளையாவதற்குப் பல நாள் முன்பே உள்ளே இந்தக் கோடு இறங்கத் தொடங்கிவிடுகிறது. நிறுவனம் அதை விரலில் காட்டுவதில்லை. ஏன் என்று கேட்டதற்கு, வாடிக்கையாளருக்கு மனவேதனை தர வேண்டாம் என்று முடிவெடுத்ததாகப் பதில் வந்தது.

திலகவதி தாரணியின் அளவுக் கோட்டைத் திரையில் திறந்தார். பிறகு காரை எடுத்துக்கொண்டு பொள்ளாச்சிக்குப் போனார்.

காலை வேளை. நவநீதன் வீட்டில் இருந்தான். சாளையிலிருந்து அவன் எப்போது திரும்பி வந்தான் என்று திலகவதி கேட்கவில்லை. அவனும் தாரணியும் ஒரே சோபாவின் இரண்டு முனையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் திரையைக் காட்டி விளக்கினார்.

"இங்கே பாருங்க. இது நீங்க முகாமுக்குப் போன நாள். இதுக்கு முந்தின நாளே கோடு இறங்க ஆரம்பிச்சிருச்சு. மறுபடி ஏறவே இல்லை."

தாரணி திரையில் அந்த நாளை விரலால் தொட்டாள். "அப்போ நான் ஊசி போட்டுக்கப் போறப்பவே..."

"ஆமா. அது தங்கப்போறதில்லைன்னு மோதிரத்துக்குத் தெரிஞ்சிருந்தது. உங்ககிட்டச் சொல்லலை."

நவநீதன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அப்போ உன் மேல தப்பே இல்லை தாரணி. நான் என்னென்னவோ பேசிட்டேன். உன் மேல தப்பே இல்லை."

தாரணி அவன் பக்கம் திரும்பினாள். அவளுக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை.

"இந்தக் கோடு ஒரு நாள் தள்ளி இறங்கியிருந்தா, மாமா?"

நவநீதன் திரையில் இருந்த கோட்டைத் திரும்பவும் பார்த்தான்.

தாரணி திலகவதியிடம் கேட்டாள். "டாக்டர், இனி என்னை அந்தக் கணக்குல இருந்து எடுத்துருவீங்களா? ஊசிக்கு முன்னாடியே போயிருச்சே."

"இல்லை. எல்லாரையும் எப்படி எண்ணணும்னு முதல்லயே முடிவு பண்ணிட்டோம். விவரம் தெரிஞ்ச பிறகு எனக்கு வசதியானவங்களை மட்டும் எடுக்க ஆரம்பிச்சா, அப்புறம் அந்தக் கணக்குக்கே அர்த்தம் இல்லை. நீங்க இருப்பீங்க."

"இருக்கறேன்" என்றாள் தாரணி. எழுந்து பள்ளிக்குக் கிளம்பினாள். நவநீதன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டான். அவள் யோசித்துவிட்டு, சரி என்றாள்.

திலகவதிக்கு அன்று இன்னும் ஒரு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. கலைந்த ஏழு பேரின் கோடுகளில் நான்கு, ஊசிக்கு முன்பே இறங்கியிருந்தன. மூன்று, பிறகு. ஊசி போடாதவர்களின் கோடுகளும் இப்படித்தான், நாள் கணக்கில்லாமல் அங்கங்கே இறங்கின. ஆகவே அந்த மூன்றுக்குத் தனியாக அர்த்தம் எதுவும் இல்லை. அது திலகவதிக்குத் தெரியும். அதை ஒரு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

அந்த மூவரில் ஒருத்தியான ஜுனைதா கதவைத் திறந்தபோதே கேட்டாள். மற்றப் பெண்களில் யாரோ அதற்குள் போன் செய்திருக்க வேண்டும்.

"எனக்கு எப்போ இறங்குச்சு டாக்டர்?"

"ஊசிக்குப் பிறகு" என்றார் திலகவதி. "மூணு நாள் கழிச்சு."

ஜுனைதா கதவைப் பிடித்தபடி நின்றாள். உள்ளே யாரோ டிவியின் சத்தத்தைக் குறைத்தார்கள்.

"அப்போ ஊசியாலதானா?"

"ஊசி போடாதவங்களுக்கும் இதே மாதிரி இறங்கியிருக்கு. அதே அளவுக்கு. மொத்தமாப் பார்த்தா ஊசி காரணம் இல்லைன்னு தெரியுது. உங்க ஒருத்தருக்கு மட்டும் எதனால ஆச்சுன்னு கேட்டீங்கன்னா, எனக்குத் தெரியாதும்மா. கண்டுபிடிக்கவும் வழியில்லை."

ஜுனைதா அழுவாள் என்று திலகவதி நினைத்தார். அவள் அழவில்லை.

"எதனாலன்னு எங்க மாமியாருக்குத் தெரியும். எங்க வீட்டுக்காரருக்குத் தெரியும். எதிர்வீட்டு அக்காவுக்கும் தெரியும்" என்றாள். "தெரியாதுன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான். உள்ளே வந்து உட்காருங்க."